பழைய எலுமிச்சை விதையை ஊற வைத்தால் முளைக்குமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். போன ஆடியில் வீட்டு மரத்துப் பழத்திலிருந்து எலுமிச்சை விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, காகிதப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தீர்கள். தை பிறந்ததும் பாதியைச் சிறுமலைத் தோட்டத்தில் நாற்றுப் பையில் ஊன்றினீர்கள். ஒரு மாதம் ஆகியும் நூற்றுக்குப் பத்து கூடத் தலைகாட்டவில்லை. 'பிரைமிங்' செய்தால் பழைய விதையும் முளைத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீதி விதைக்கு அதைச் செய்யலாமா, செய்தால் முளைப்பைத் தூண்டுகிற தாவர ஊக்கியான ஜிப்ராலிக் அமிலமா, பொட்டாசியம் நைட்ரேட்டா, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

செய்யலாம், பலனும் இருக்கும். ஆனால் எதில் ஊற வைப்பது என்பதை நான் நான்காவது இடத்தில்தான் வைப்பேன். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி வகையறாவில் முதலில் பார்க்க வேண்டியது விதைக்கு உயிர் இருக்கிறதா என்பது, அடுத்தது மேலே இருக்கிற ஓடு, அப்புறம் சூடு. இந்த மூன்றையும் விட்டுவிட்டு மருந்தை மட்டும் மாற்றி மாற்றி ஊற வைத்தால் மருந்துக் கடைக்குத்தான் லாபம்.

இன்னொன்று, ஏற்கெனவே ஊன்றிய பைகளைக் கொட்டிவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிரைமிங் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இணையத்தில் பத்து மணி நேரம் தண்ணீரில் போட்டு வைப்பதையெல்லாம் பிரைமிங் என்று சொல்லிவிடுகிறார்கள். காய்ந்த விதை தண்ணீரில் பட்டதும் முதலில் மடமடவென்று குடிக்கும். அப்புறம் குடிப்பது நின்றுவிட்டது போல ஒரு கட்டம் வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காது, உள்ளே அப்போதுதான் வேலையே நடக்கிறது: சேமிப்பில் கிழிந்துபோன செல் சவ்வுகள் ஒட்டுப்போடப்படுகின்றன, சேதமான டி.என்.ஏ. பழுது பார்க்கப்படுகிறது, நொதிகள் தயாராகின்றன. மூன்றாவது கட்டத்தில் வேர் வெளியே வரும். அந்த இரண்டாவது கட்டத்திலேயே விதையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்து, வேர் வருவதற்கு முன் வெளியே எடுத்துவிடுவதுதான் பிரைமிங். தண்ணீரை அளவாகக் கொடுத்து நிறுத்தலாம், இல்லையென்றால் பாலிஎத்திலீன் கிளைக்கால் மாதிரி ஒன்றைத் தண்ணீரில் கரைத்து, விதை ஓரளவுக்கு மேல் குடிக்க முடியாதபடி செய்யலாம். இந்த இரண்டாவது முறையை 1973இல் இங்கிலாந்தில் ஹைடெக்கர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. கேரட், வெங்காயம், தக்காளி போன்ற காய்கறி விதைகளில் கம்பெனிகள் இன்று இதை வாடிக்கையாகவே செய்கின்றன.

அந்தக் காய்கறி விதைகளில் ஒரு வசதி உண்டு. ஊற வைத்துத் தயார் செய்த விதையை மறுபடி பழைய ஈரத்துக்கே உலர்த்தி, பாக்கெட்டில் போட்டு விற்கலாம். எலுமிச்சை வகையில் அதைச் செய்யாதீர்கள். இந்த விதை காய்வதையே அரைமனதாகத்தான் தாங்கும். முளைக்கிற வேலையை ஆரம்பித்த பிறகு காயவைத்தால் அந்த அரைத் தாங்குதிறனும் போய்விடும். ஆகவே இங்கே பிரைமிங் என்பது ஊற வை, மேல் ஈரம் மட்டும் போகட்டும், அன்றைக்கே ஊன்று, அவ்வளவுதான். ஊற வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்துக்குப் போக முடியும் என்றால் சனிக்கிழமை ஊற வையுங்கள்.

சேமிப்பில் இந்த விதை எப்படிக் கெடுகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ரொம்ப காலம் எலுமிச்சை வகை விதைகளைப் பலா, மா விதைகளோடு சேர்த்து, காய்ந்தால் செத்துவிடும் என்ற கூட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். 1981இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எலுமிச்சை வகைகளை எடுத்துப் பார்த்து வேறு மாதிரிச் சொன்னார்கள். கவனமாக 5 சதவீத ஈரம் வரைக்கும் காயவைத்து, மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் உயிரோடு இருக்கிறது. முன்னால் சோதித்தவர்கள் செத்துவிட்டது என்று எழுதியதற்கு ஒரு காரணம், காய்ந்த விதையின் ஓடு இறுகிப்போய் முளைப்பு பல வாரம் தள்ளிப்போனது. அதற்குள் சோதனையை முடித்துக் கணக்கை மூடிவிட்டார்கள். ஓட்டை உரித்துப் போட்டால் முளைத்தது. இப்போது எலுமிச்சை இனங்கள் பலவற்றை, காய்வதைத் தாங்குகிற விதைக்கும் தாங்காத விதைக்கும் இடைப்பட்ட வகை என்று வைக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. மேல்நாட்டில் ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகப் பயன்படுத்துகிற முக்கூட்டிலை ஆரஞ்சு இதைவிட மென்மை, காய்வதைத் தாங்காது.

நாற்றுப் பண்ணைக்காரர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். அவர்கள் விதையைக் காயவிடுவதே இல்லை. கழுவி, மேலே இருக்கிற தண்ணீர் மட்டும் போகிற அளவுக்கு நிழலில் ஆற்றி, பூஞ்சாணக்கொல்லி புரட்டி, பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி 4, 5 டிகிரி குளிரில் வைத்துவிடுகிறார்கள். உள் ஈரம் அப்படியே இருக்கும், அரை வருஷத்துக்கு மேலும் தாங்கும்.

ஆக, ஈரமாகக் குளிரில் வைப்பது ஒரு வழி, எலும்பு மாதிரிக் காயவைத்து உறைநிலையில் வைப்பது இன்னொரு வழி. நடுவில் நிற்பதுதான் ஆபத்து. பாதி காய்ந்த விதை, சாதாரண வீட்டுச் சூடு, இந்த இரண்டும் சேர்ந்தால் சில வாரத்திலேயே பலம் இறங்கத் தொடங்கிவிடும். ஈர விதையை ஃப்ரீசரில் போட்டாலும் கதை முடிந்தது, உள்ளே ஐஸ் கட்டி செல்லைக் கிழித்துவிடும். நீங்கள் செய்தது காகிதப் பொட்டலம். இன்றைய ஃப்ரிட்ஜ்கள் உள்ளே இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், திறந்து வைத்த கொத்தமல்லிக் கட்டு இரண்டு நாளில் என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். உங்கள் விதை மாதக்கணக்கில் மெதுவாகக் காய்ந்திருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தது அதைக் கொஞ்சம் காப்பாற்றியும் இருக்கும், ஓட்டை இறுக்கியும் இருக்கும்.

சரி, உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தண்ணீரில் போட்டு மிதப்பதை வீசுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. புதிதாக எடுத்த விதைக்கு அது சரி, மிதப்பது பெரும்பாலும் பொக்குதான். சேமித்துக் காய்ந்த எலுமிச்சை விதைக்கு அது சரிவராது. உள்ளே இருக்கிற பருப்பு சுருங்கியதும் ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையே காற்று புகுந்துகொள்ளும், நல்ல விதையே படகு மாதிரி மிதக்கும். இதை நம்பி நல்லதைக் குப்பையில் போடாதீர்கள்.

கையில் இருப்பதில் ஒரு பத்து விதையை இழக்கத் துணியுங்கள். ஒரு நாள் ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஓட்டை உரித்து, உள்ளே இருக்கிற பழுப்புச் சவ்வையும் நீக்கிப் பருப்பைப் பாருங்கள். எலுமிச்சைப் பருப்பு வெள்ளையாக, விறைப்பாக, நகத்தால் அழுத்தினால் 'நறுக்' என்று உடைகிற மாதிரி இருக்க வேண்டும். கமலா ஆரஞ்சு என்றால் பருப்பே பிஸ்தா பச்சையில் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளடித்து, ரப்பர் மாதிரி வளைந்தாலோ, அழுத்தினால் எண்ணெய்ப் பசை போலக் கசிந்தாலோ, கூர்முனைப் பக்கம் பழுப்பேறியிருந்தாலோ அது போய்விட்டது. கூர்முனையைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம், வேராகப் போகிற பகுதி அங்கேதான் இருக்கிறது. பருப்பு முழுக்க வெள்ளையாக இருந்து முனை மட்டும் கறுத்திருந்தாலும் அது முளைக்காது. வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் யாரையாவது தெரியும் என்றால் டெட்ரசோலியம் சோதனை செய்து தரச் சொல்லலாம், உயிருள்ள திசு சிவந்துவிடும். வீட்டுத் தேவைக்கு அது அதிகப்படி.

பத்தில் ஒன்றோ இரண்டோதான் தேறுகிறது என்றால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், புதுப் பழம் வாங்கி விதை எடுங்கள். எந்த ஊறலும் செத்த விதையை எழுப்பாது. பத்தில் ஐந்துக்கு மேல் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் மீதியில் உழைப்பைப் போடலாம்.

இனி ஓடு. எலுமிச்சை விதையில் வெளியே வழவழப்பான பசை, அடுத்து மரத்தாள் மாதிரிக் கெட்டியான ஓடு, அதற்குள் மெல்லிய பழுப்புச் சவ்வு, அப்புறம்தான் பருப்பு. பசை காய்ந்து ஓட்டோடு ஒட்டிவிட்டால் தண்ணீரும் காற்றும் உள்ளே போவது மந்தமாகிவிடும். இந்த விதைக்கு ஆழ்ந்த உறக்கம் என்று ஒன்றும் கிடையாது. வீட்டில் ரொம்ப நாள் கிடந்த பழத்தை வெட்டும்போது உள்ளேயே விதை முளைத்துப் பச்சையாக வால் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பிறகு அதைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் ஓடுதான். அதனால்தான் சேமித்த எலுமிச்சை விதைக்கு ஒரே ஒரு வேலை செய்ய நேரம் இருக்கிறது என்றால் ஓட்டை உரியுங்கள் என்பேன். ஜிப்ராலிக் அமிலத்தைவிட அது உறுதியான பலன்.

உரிக்கிற விதம்: விதையை ஊற வைத்து எடுத்து ஒரு மணி நேரம் துணியில் ஆறவிடுங்கள். பசை காய்ந்து ஓடு மட்டும் லேசாக முறுகும், பருப்பு ஈரமாகவே இருக்கும், அந்த நேரத்தில்தான் உரிக்க வரும். தளதளவென்று ஈரமாக இருக்கும்போது உரித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். மழுங்கிய பக்கத்து ஓரத்தில் நகத்தை வைத்து நெருடினால் ஓடு இரண்டாகப் பிளக்கும், அல்லது நகவெட்டியால் அந்த ஓரத்தை மட்டும் ஒரு கடி கடிக்கலாம். கூர்முனையில் கத்தி வைக்காதீர்கள். உள்சவ்வு தானாக வந்தால் வரட்டும், பிடிவாதமாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு விதைக்குள் இரண்டு மூன்று முளைக்கரு பருப்புகளோடு நெருக்கி அடித்துக்கொண்டு இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்கிற ஆசை வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் விதை இருக்கிற பண்ணையில் இப்படி ஒவ்வொன்றாக உரிக்க முடியாது, அங்கேதான் ஊறலுக்கு மதிப்பு. உங்களுக்கு நூறு இருநூறு விதைதான், ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

இப்போது ஊறல். காய்ந்த விதையைத் தூக்கி நேராகக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். சேமிப்பில் வயதான விதையின் செல் சவ்வு பலவீனமாக இருக்கும், தண்ணீர் வேகமாகப் புகுந்தால் உள்ளிருப்பது வெளியே கசிந்துவிடும், பிழைத்திருக்க வேண்டிய விதையும் அந்த ஒரு மணி நேரத்தில் செத்துவிடும். முதல் நாள் விதைக்கு ஈரக்காற்று மட்டும் காட்டுங்கள். ஒரு மூடி போட்ட டப்பாவின் அடியில் நனைத்த துணி, அதற்கு மேல் தொடாதபடி டீ வடிகட்டி, வடிகட்டியில் விதை, மூடி இறுக்கம். ஒரு இரவும் ஒரு பகலும் அப்படியே அறைச் சூட்டில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே வெளியே வைத்துச் சூடு சமமாகவிடுங்கள்.

அடுத்து பூஞ்சாணத்துக்கு ஒரு குளியல். துணிக்குப் போடுகிற திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, பத்து நிமிஷம், அப்புறம் நான்கைந்து தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதை உரிப்பதற்கு முன்னால் செய்யுங்கள். நாற்றுப் பண்ணைகளில் வேரழுகல் பூஞ்சாணத்துக்காக 52 டிகிரி வெந்நீரில் 10 நிமிஷம் விதையைப் போட்டு எடுப்பார்கள், நல்ல முறைதான், ஆனால் அது புது விதைக்கு, சேமிக்கப் போவதற்கு முன் செய்ய வேண்டியது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கிற விதைக்கு வெந்நீர் கடைசி அடியாக முடியலாம்.

அலசிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் 12 முதல் 24 மணி நேரம். தண்ணீர் அளவாக இருக்கட்டும், விதை மூழ்கி ஒரு விரல்கடை உயரம் போதும், நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று மோட்டார் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், விதைக்கு மூச்சு வேண்டும். தண்ணீரில் புளித்த வாடை வந்தால் காற்று பற்றவில்லை என்று அர்த்தம். இரண்டு மூன்று நாள் ஊற வைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடு இறுகிய விதைதானே, மெதுவாகத்தானே குடிக்கும் என்ற கணக்கு. குடிப்பதற்குள் மூச்சு முட்டிப்போகும்.

இந்தத் தண்ணீருக்குப் பதிலாகத்தான் ஜிப்ராலிக் அமிலக் கரைசல். எலுமிச்சை வகைக்கு 100 முதல் 200 பி.பி.எம். (அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) வரை போதுமானது, ஒரு இரவு ஊறினால் சரி. வேகமும் சீரும் கூடும், எல்லாம் முன்பின்னாக வராமல் ஒரே வாரத்தில் வரும். அளவைக் கூட்டினால் நாற்று வெளிறி, தண்டு நூல் மாதிரி நீண்டு, நிற்க முடியாமல் சாயும்.

கடையில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உரக்கடையில் பாட்டிலில் கிடைக்கிற ஜிப்ராலிக் திரவம் பெரும்பாலும் 0.001 சதவீதம். அதாவது பாட்டிலில் இருப்பதே 10 பி.பி.எம்.தான். அதை லிட்டருக்கு இரண்டு மில்லி கலந்து விதையை ஊற வைத்தால் விதைக்குப் போய்ச் சேருவது வெறும் தண்ணீர். அந்தச் சரக்கு பயிருக்கு இலைவழி அடிக்கச் செய்தது. விதை ஊறலுக்குத் திராட்சைக்காரர்கள் வாங்குகிற 40 சதவீதக் குருணை வேண்டும். அதில் 1 கிராமை 4 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 100 பி.பி.எம்., 2 கிராம் போட்டால் 200. தண்ணீரிலேயே கரையும். 90 சதவீதத் தூள் கிடைத்தால் நேராகத் தண்ணீரில் கரையாது, மிதக்கும். முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுக் கரைத்து, அப்புறம் தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். 100 பி.பி.எம்.முக்கு லிட்டருக்கு 110 மில்லிகிராம் சுமார். கரைசலை அன்றைக்கே பயன்படுத்துங்கள், வெயிலில் வைக்காதீர்கள். சின்ன அளவை எடை போடத் தங்கநகைத் தராசு மாதிரி ஒன்று வேண்டும், கண்ணளவில் போட்டால் மேலே சொன்ன நூல் நாற்றுதான் வரும்.

பொட்டாசியம் நைட்ரேட்டைத் தேடி அலைய வேண்டாம், சொட்டுநீர் உரமாக விற்கிற 13-0-45 என்பது அதுவேதான். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம், அதே 12 மணி நேரம். ஜிப்ராலிக் கிடைக்காத இடத்தில் இது பரவாயில்லை, மலிவு. ஆனால் உரித்த விதைக்கு வேண்டாம், உப்பு நேரடியாகப் பருப்பில் படும். ஜிப்ராலிக்கும் இதுவும் இரண்டும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பலன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் ஆய்வகத்துக்குச் சரி. அது கொழகொழவென்று இருக்கும், காற்று கரையாது, மோட்டார் போட்டுக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இளநீரில் ஊற வைக்கச் சொல்வார்கள். இளநீரில் வளர்ச்சி ஊக்கிகள் இருப்பது உண்மை, கூடவே சர்க்கரையும் இருக்கிறது, பலவீனமான விதையில் பூஞ்சாணத்துக்கு அது விருந்து.

வீட்டிலேயே எளிதாக, பாதுகாப்பாக உண்மையான பிரைமிங் செய்ய வேண்டுமென்றால் தேங்காய் நார்க்கழிவுதான் என் தேர்வு. நன்றாகக் கழுவிய நார்க்கழிவை நனைத்து, கையால் இறுகப் பிழியுங்கள். மறுபடி அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. அதில் விதையைக் கலந்து ஜிப் பையில் போட்டு, கொஞ்சம் காற்று விட்டு மூடி, 25 டிகிரிக்குப் பக்கத்தில் மூன்று நான்கு நாள் வையுங்கள், தினம் ஒருமுறை திறந்து மூடுங்கள். விதை தேவையான அளவு மட்டும் நிதானமாகக் குடிக்கும், மூச்சும் இருக்கும். ஊற வைத்தலில் இருக்கிற மூழ்கடிக்கிற ஆபத்து இதில் இல்லை. பிறகு எடுத்து உரித்து ஊன்றுங்கள்.

இனிமேல் சூடு. உங்கள் முதல் தோல்விக்கு இதுவும் பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எலுமிச்சை வகை ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே வளர்வதையே நிறுத்திவிடும், முளைப்புக்குப் பிடித்தது 25 முதல் 30. சிறுமலை மேலே மார்கழி, தை இரவுகள் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். பகலில் வெயில் அடித்தாலும் பைமண் சூடேறுவதற்குள் மாலையாகிவிடும். காய்ந்து ஓடு இறுகிய விதை, அதுவும் குளிர்ந்த ஈர மண்ணில் என்றால் வாரக்கணக்கில் சும்மாவே கிடக்கும். அதனால்தான் பைகளைக் கொட்ட வேண்டாம் என்றேன். ஒன்றிரண்டு பையைக் கிளறி விதையை எடுத்துப் பாருங்கள். அழுகியிருந்தால் சரி, தீர்ந்தது. உறுதியாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் அதை உரித்துத் திரும்ப ஊன்றலாம், அல்லது பங்குனி வெயிலுக்கு அப்படியே விட்டு வைக்கலாம்.

மீதி விதையை மலையிலே முளைக்க வைக்க வேண்டாம். கீழே வீட்டில் குழித்தட்டில் போடுங்கள், அல்லது நனைத்துப் பிழிந்த டிஷ்யூ காகிதத்தில் சுற்றி ஜிப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் பின்புறத்துக்கு மேல், இன்வெர்ட்டர் பக்கம், இப்படிக் கதகதப்பான இடத்தில் வையுங்கள். உரித்த நல்ல விதை ஒன்று ஒன்றரை வாரத்தில் வெள்ளை வேர் நீட்டும். உரிக்காதது மூன்று நான்கு வாரம் எடுக்கும், அதற்கு மேலும் ஆகலாம். வேர் அரை அங்குலம் வருவதற்குள் எடுத்து ஊன்றிவிடுங்கள், வேர் கீழ்நோக்கி, ஒரு சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் போக வேண்டாம். வேர் காகிதத்தில் புகுந்துவிட்டால் பிய்க்காமல் காகிதத்தோடே வையுங்கள்.

ஊன்றுகிற கலவையில், அழுகல் பூஞ்சாணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளுங்கள், விதையிலும் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் புரட்டலாம். பிளீச் போட்ட பிறகு, நன்றாக அலசியபின்தான் இதைப் போட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில நேரம் நாற்றில் ஒன்றிரண்டு சுத்த வெள்ளையாக, பச்சையமே இல்லாமல் வரும். விதை பாரம்பரியம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். எலுமிச்சை வகையில் இது பெரும்பாலும் விதையோட்டில் வளர்கிற பூஞ்சாணம் விடுகிற நஞ்சினால் வருவது, ஆஸ்பர்ஜில்லஸ், ஆல்டர்னேரியா போன்றவை. ஓட்டை உரிப்பதும் பிளீச் குளியலும் இதையும் குறைக்கும்.

ஒரு பையில் இரண்டு மூன்று நாற்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எலுமிச்சை பல்கரு விதை. மகரந்தம் சேர்ந்து வந்த கரு ஒன்று இருக்கும், மற்றவை தாய் மரத்தின் திசுவிலிருந்தே வந்தவை, அச்சு அசலாகத் தாய் மாதிரியே வளரும். நம்மூரில் எலுமிச்சையை இன்றைக்கும் பெரும்பாலும் விதை நாற்றாகவே நடுவதற்கு இதுதான் துணிச்சல். புளியங்குடிப் பக்கத்துத் தோட்டங்களைப் பாருங்கள், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 இரகத்தையும் பாருங்கள். நாற்று நான்கு இலை விட்டதும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி இலையோடு இருப்பவற்றை வைத்துக்கொண்டு, ரொம்பக் குட்டையாகவோ இலை வேறுமாதிரியாகவோ இருப்பதை எடுத்துவிடுங்கள். பம்பளிமாஸுக்கு இந்தச் சலுகை கிடையாது, அது ஒற்றைக் கரு, விதையில் வருவது தாய் மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்த ஆடிக்கு விதை எடுக்கும்போது கீழே உதிர்ந்த பழத்தைத் தொடாதீர்கள், மண்ணிலிருந்து வேரழுகல் பூஞ்சாணம் ஏறியிருக்கும். மரத்தில் நன்றாகப் பழுத்ததைப் பறித்து, குறுக்கே மேலாக வட்டம் கீறித் திருகித் திறந்தால் கத்தி விதையில் படாது. சாம்பலில் புரட்டித் தேய்த்தால் பசை போய்விடும், இது பாட்டிமார் வழி, நல்ல வழி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கத்திரி, பூசணி விதை மாதிரி மொட்டைமாடி வெயிலில் பரப்பிவிட்டால் முடிந்தது. கழுவி, நிழலில் விதை ஒன்றோடொன்று ஒட்டாத அளவுக்கு மட்டும் ஆற்றி, திரம் என்கிற பூஞ்சாணக்கொல்லி கொஞ்சம் புரட்டி, தடித்த பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம், அங்கே சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை பையைப் பாருங்கள். உள்ளே தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் திறந்து துடைத்துக் கட்டுங்கள், பூஞ்சாணம் தெரிந்தால் கழுவி மருந்து மாற்றுங்கள்.

இப்போதைக்கு மீதி விதையை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டுக்கும் ஈரக்காற்று, பிளீச், ஊறல் நேரம், உரிப்பு எல்லாம் ஒன்றுபோல. ஒரு பாதிக்கு மட்டும் தண்ணீருக்குப் பதில் 100 பி.பி.எம். ஜிப்ராலிக். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே சூட்டில் வைத்து, பையின் மேல் தேதி எழுதிவிடுங்கள். மூன்று வாரத்தில் எண்ணிப் பார்த்தால், அந்தக் குருணை வாங்கிய காசுக்கு உங்கள் விதையில் மதிப்பு இருந்ததா என்பது தெரிந்துவிடும். இரண்டு பாதியிலும் எதுவும் வரவில்லை என்றால் அடுத்த பாட்டிலைத் தேடாதீர்கள், சந்தையில் நல்ல பழுத்த பழமாக ஒரு கிலோ வாங்கி, எடுத்த விதையை அன்றைக்கே உரித்து ஊன்றுங்கள்.